மறைபொட்டலமும் மாந்தர் மனமும்

விளையாட்டுப் பொருள் சிறுவர்க்கே உரியது என்பர் பலர். ஆயினும், இரண்டு அங்குலத்திற்கும் குறைந்த உயரமுள்ள பிளாஸ்டிக் பாவை ஒன்றினைப் பெறவேண்டி, கற்றோரும் முதியோருங்கூட மேனாட்டுக் கடைகளில் நெடுநேரம் நின்று பொட்டலங்களைத் தடவிப் பார்த்தனர் எனக் கேட்போர் வியப்புறாதிரார். இவ்விந்தையின் காரணத்தை ஆராய்ந்து நம் கல்லூரி நண்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

டென்மார்க்கு தேசத்திலே பில்லுண்டு என்னும் சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்னும் தச்சர் 1932-ஆம் ஆண்டில் மரத்தினால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 'நன்கு விளையாடு' எனப் பொருள்படும் இரண்டு டேனிய மொழிச் சொற்களைச் சுருக்கி, 'லெகோ' என்னும் பெயரைத் தம் தொழிலுக்கு இட்டார். ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டிகளுக்கு 1958-ல் காப்புரிமை கோரப்பட்டது. கைகால் அசையும் சிறுபாவைகள் 1978-ல் தோன்றின. அவற்றை வகுத்தமைத்தவர் யென்ஸ் நைகார்ட் க்னூட்சென் என்பவர். அக்காலத்தில் இப்பாவைகள் பெரும்பாலும் வீடு, வண்டி முதலியன கட்டும் பெட்டிகளோடு துணைப்பொருளாகவே வந்தன.

2010-ஆம் ஆண்டிலோ ஒரு புதுமுறை புகுந்தது. பதினாறு வகைப் பாவைகளை ஒரு வரிசையாக்கி, ஒவ்வொன்றையும் உள்ளிருப்பது தெரியாத பொட்டலத்தில் இட்டு, அமெரிக்காவில் 1 டாலர் 99 சென்ட் விலைக்கு விற்கலாயினர். வாங்குவோன் விரும்பிய பாவை கிடைக்கலாம். முன்னரே தன்னிடமுள்ளதே மீண்டும் வரலாம். பொருளை விற்றவர் அதனோடு அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே விற்றனர் எனலாம்.

கணிதம் பயிலும் நண்பர்கள் இதன் விளைவை எளிதிற் காண்பர். பதினாறு வகையும் சமமாகக் கலந்துள்ளன என்று கொள்வோம். முதற் பொட்டலத்தில் வருவது ஐயமின்றிப் புதியதே. ஆனால், பதினைந்து சேர்ந்து ஒன்றே எஞ்சியிருக்கும் நிலையில், அவ்வொன்றைப் பெறுவதற்குச் சராசரி பதினாறு பொட்டலங்களைப் பிரித்தல் வேண்டும். இவ்வாறு படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பின், வரிசை முழுவதும் நிறைவதற்கு ஏறக்குறைய 54 பொட்டலங்கள் தேவைப்படும். 32 டாலரில் முடியவேண்டிய செலவு 107 டாலராக உயரும்.

இதனைக் கண்ட பாவைப் பிரியர் வாளாவிருந்தாரல்லர். முதலிரண்டு வரிசைகளின் பொட்டலங்களில் அச்சிட்டிருந்த பட்டைக்கோட்டுக் குறிகள் பாவைக்குப் பாவை வேறுபடுதலைக் கண்டு, அவற்றைப் பட்டியலிட்டுத் தம்முள் பரப்பினர். 2011-ல் வந்த மூன்றாம் வரிசையில் அவ்வழி அடைபட, பொட்டலத்தின் ஓரத்தில் அழுந்தியிருந்த நுண்புள்ளிகளைப் படிக்கக் கற்றனர். புள்ளிகளும் உதவாதபோது விரல்களையே நம்பினர். வாளின் நீளம், தொப்பியின் விளிம்பு, கால்களுக்குப் பதிலாக நெடும்பாவாடை அணிந்த பாவைக்குரிய சாய்ந்த கட்டி ஆகிய இவற்றை உறையின் மேலிருந்தே தடவி, இன்னது இஃது என்று உரைத்தனர். யானையைத் தடவிய குருடர் ஆளுக்கொன்று கூறி மயங்கினர் என்பது பழங்கதை; இவர்களோ தடவியே மெய்யறிந்தனர்.

2013-ல் பத்தாம் வரிசை வந்தபொழுது, பதினாறு பாவைகளோடு பொன்னிறம் பூண்ட பதினேழாம் பாவை ஒன்றும் கலக்கப்பட்டது. உலக முழுமைக்கும் அது 5,000 மட்டுமே. தேடுதற்குரிய புதையல் கிடைத்ததென ஒரு சாரார் மகிழ்ந்தனர். எத்துணை முயன்றாலும் தம் வரிசை நிறைவு பெறாதே என மற்றொரு சாரார் மனம் புழுங்கினர். அப்பாவை பின்னர் வாங்கிய விலையினும் பன்மடங்கு விலைக்குக் கைமாறிற்று.

2023-ஆம் ஆண்டு செப்டம்பரில், பிளாஸ்டிக் உறையைக் குறைத்தல் வேண்டும் என்னும் நோக்கத்தால், பொட்டலம் அட்டைப்பெட்டியாக மாறிற்று. நோக்கம் நன்றே; ஆயினும் பல்லாண்டு பழகிய விரற்கல்வி ஒரு நாளில் வீணாயிற்றென்று பிரியர் பலர் முறையிட்டனர். வரிசை ஒன்றுக்குப் பாவைகள் பன்னிரண்டாக முன்னரே குறைந்திருந்தன; அமெரிக்க விலையோ 2020-லேயே 5 டாலரை எட்டியிருந்தது. எனினும், பெட்டியின் அடியிலுள்ள புள்ளிச் சதுரக்குறியைக் கைப்பேசியால் படித்து, உள்ளிருப்பதை அறியும் வழியையும் விரைவிற் கண்டனர்.

இவர்தம் நுண்ணறிவை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. திறமையுடையோர் காலையில் வந்து அரியவற்றையெல்லாம் தெரிந்தெடுத்துச் செல்வாராயின், மாலையில் ஒற்றை நாணயத்தோடு வரும் சிறுவனுக்கு எஞ்சுவது யாது? அவன் தன் அதிர்ஷ்டத்தையே நம்பிப் பொட்டலத்தை எடுக்கிறான். அவ்வதிர்ஷ்டமோ அவன் வருமுன்னரே பிறரால் எடுக்கப்பட்டுவிட்டது. மறைத்து விற்போன்மீது நாம் சொல்லும் குறை, அறிந்தும் பிறர்க்கு மிச்சம் வையாதவன்மீதும் சாரும்.

இப்பிரியர்களிடையே நாம் பெரிதும் விரும்பும் வழக்கம் பிறிதொன்று உண்டு. இரட்டிப்பாக வந்த பாவையை, அது இல்லாத நண்பனுக்குக் கொடுத்து, தம்மிடம் இல்லாததைப் பெறுவதே அது. இருவர் கூடி இவ்வாறு மாற்றிக்கொள்ளின், தனித்து வாங்குவதினும் குறைந்த பொட்டலங்களில் இருவர் வரிசையும் நிறையும். நால்வர் கூடின் இன்னும் குறையும். ஐயமுள்ள நண்பர் எழுதுகோல் எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்பாராக.