ஆண்டி மர்ரேயின் இடுப்பு மூட்டு நமக்குச் சொல்வது

இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறாவது வாரத்தில் மறுபரிசோதனைக்கு வருபவர்கள் பலரிடம் ஒரே விதமான கவலையைக் காண்கிறேன். காயம் நன்றாக ஆறியிருக்கும். எக்ஸ்-ரே படத்தில் குறையேதும் இராது. ஆயினும், "இன்னும் கைத்தடியை விட முடியவில்லையே டாக்டர், ஆபரேஷன் பலன் தரவில்லையோ?" என்று கேட்பார்கள். உடன் வந்திருக்கும் மனைவியின் முகத்திலும் மகனின் முகத்திலும் அதே கேள்வி இருக்கும். அத்தகையோருக்கு நான் ஒரு டென்னிஸ் போட்டியைப் பற்றிச் சொல்வதுண்டு.

2019 அக்டோபர் 20. பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரில் ஐரோப்பிய ஓபன் ஆடவர் ஒற்றையர் இறுதியாட்டம் நடைபெற்றது. ஒருபுறம் பிரிட்டனின் ஆண்டி மர்ரே, வயது 32. மறுபுறம் சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா, வயது 34. இருவரும் தலா மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றவர்கள். இருவருமே அறுவைச் சிகிச்சை மேசையிலிருந்து மீண்டு வந்தவர்கள்: வாவ்ரிங்காவுக்கு முழங்கால், மர்ரேக்கு இடுப்பு. முதல் செட்டை 3-6 என இழந்த மர்ரே, அடுத்த இரண்டையும் 6-4, 6-4 எனக் கைப்பற்றிப் பட்டம் வென்றார். ஒரு காலத்தில் உலகின் முதல்நிலை வீரராக இருந்த அவர், அந்த வாரம் தரவரிசையில் 243-ஆம் இடத்தில் இருந்தார். ஆட்டம் முடிந்ததும் தம் இருக்கையில் அமர்ந்து அவர் கண்ணீர் விட்டார்.

அந்தக் கண்ணீரின் பொருளை உணர, அதே ஆண்டின் ஜனவரி மாதத்திற்குச் செல்ல வேண்டும்.

வலியோடு வாழ்ந்த நாட்கள்

மெல்போர்ன் நகரில், ஆஸ்திரேலிய ஓபன் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், செய்தியாளர்கள் முன்னிலையில் மர்ரே கலங்கினார். விளையாட்டை விடுங்கள், காலுறையும் காலணியும் அணிவதே தமக்கு வேதனையாக இருப்பதாகச் சொன்னார். முந்தைய ஆண்டு செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை போதிய பயன் தரவில்லை. முதல் சுற்றில் ராபர்ட்டோ பாட்டிஸ்டா அகுட்டிடம் நான்கு மணி நேரத்திற்கும் மேலாகப் போராடி, ஐந்து செட்களில் தோற்றார். அதுவே அவருடைய கடைசி ஆட்டம் என்று பலரும் எண்ணினர்.

ஜனவரி 28 அன்று லண்டனில் அவருக்கு மீண்டும் அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுபடியும் பட்டம் வெல்வதைவிட, வலியின்றி வாழ்வதே அதன் முதல் நோக்கம். நம் நோயாளிகளுக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதுதான்.

மூட்டில் என்ன செய்தார்கள்?

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் சேர்ந்த அமைப்பு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உராயும், வலி பிறக்கும்.

முழு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் தொடை எலும்பின் தலையை அகற்றிவிட்டு, எலும்பின் உட்குழிவில் தண்டுடன் கூடிய செயற்கை மூட்டைப் பொருத்துகிறோம். மர்ரேக்குச் செய்யப்பட்டது வேறு முறை. எலும்பின் தலையை அகற்றாமல், அதைச் செதுக்கி உலோகத் தொப்பி ஒன்றை அணிவித்து, கிண்ணத்திலும் உலோக உறை பொருத்தினார்கள். உறுதியான எலும்புடைய, வயது குறைந்த ஆண்களில் சிலருக்கே இது ஏற்றது. உலோகம் உராய்ந்து நுண்துகள்கள் இரத்தத்தில் கலக்கக்கூடும் என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கருவுறும் வயதில் உள்ள பெண்களுக்கும் இதைத் தவிர்க்கிறோம். பெரும்பாலானோருக்கு முழு மூட்டு மாற்றே பொருத்தமானது. அதுவும் நல்ல பலன் தரும் சிகிச்சையே. ஆகவே, "மர்ரேக்குச் செய்ததையே எனக்கும் செய்யுங்கள்" என்று கேட்க வேண்டியதில்லை.

தோல்விகளும் படிகளே

பலர் கவனிக்கத் தவறுவது, ஜனவரிக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட மாதங்களைத்தான். மர்ரே நேராக ஒற்றையர் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. ஜூன் மாதம் லண்டன் குவீன்ஸ் கிளப்பில், ஓட்டம் குறைவாகத் தேவைப்படும் இரட்டையர் பிரிவில் ஃபெலிசியானோ லோப்பஸுடன் இணைந்து ஆடி வென்றார். ஆகஸ்டில் சின்சினாட்டியில் ஒற்றையர் ஆடியபோது முதல் சுற்றிலேயே தோற்றார். அடுத்த போட்டியிலும் தோல்வி. உடனே பெரிய அரங்கை நாடாமல், மயோர்கா தீவில் நடந்த கீழ்நிலைப் போட்டி ஒன்றில் ஆடினார். அங்கும் மூன்றாம் சுற்றோடு வெளியேறினார். செப்டம்பரில் சீனாவின் சூஹாய் நகரில் ஒரு வெற்றி. பெய்ஜிங்கில் காலிறுதி. அதன் பிறகே ஆண்ட்வெர்ப்.

ஆகஸ்டு மாதத்தை மட்டும் பார்த்தவர்கள் சிகிச்சை பலனற்றது என்றே முடிவு செய்திருப்பார்கள். ஆறாவது வாரத்தில் கைத்தடியைப் பார்த்து மனம் தளர்வதும் அத்தகையதே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்ட்வெர்ப் வெற்றிக்குச் சில வாரங்களில் இடுப்பெலும்புப் பகுதியில் மீண்டும் சிக்கல் ஏற்பட்டு, 2020 ஆஸ்திரேலிய ஓபனில் அவரால் ஆட இயலவில்லை. ஏடிபி சுற்றில் அவர் வென்ற கடைசி ஒற்றையர் பட்டமும் அதுவே. ஆயினும் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை அவர் ஆடினார். பழைய நிலை முழுமையாகத் திரும்பாவிட்டாலும், நல்லதொரு புதிய நிலை கிடைத்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

நம் இலக்கு டென்னிஸ் பட்டம் அன்று. கழிப்பறைக்குத் தனியாகச் செல்வது, தெருமுனைக் கடை வரை நடப்பது, பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொள்வது ஆகியவையே நம் பட்டங்கள். அவற்றை அடையச் சில நெறிகள் உண்டு.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கும், பின் கைத்தடியின்றியும் மாறும் நாளை, இயன்முறை மருத்துவரின் ஆலோசனைப்படியே முடிவு செய்யுங்கள். வலி குறைந்துவிட்டது என்று பயிற்சிகளை நிறுத்தாதீர்கள். தரையில் சம்மணமிடுவது, குந்தி உட்காருவது, தாழ்ந்த இருக்கையில் அமர்வது ஆகியவற்றுக்கு உங்கள் மருத்துவரின் அனுமதி தேவை. வீட்டில் உயரமான கழிப்பறை இருக்கையைப் பொருத்தி, வழுக்கும் கால்மிதிகளை அகற்றுங்கள்.

காய்ச்சல், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் கசிவு, கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், திடீரெனக் காலூன்ற முடியாத கடும் வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பராமரிப்போருக்கும் ஒரு வேண்டுகோள். "பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மாதத்தில் நடந்தாரே" என்று ஒப்பிட வேண்டாம். இன்று எத்தனை அடி நடந்தார் என்பதை ஒரு நோட்டில் குறித்து, சென்ற வாரக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். எக்ஸ்-ரே படத்தோடு சேர்த்து அதையும் நான் பார்க்க விரும்புகிறேன்.