தொட்டித் தரையில் வாழும் மீன்கள்

பெங்களூர் பிரேசர் டவுனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவர் சிலர் இல்லத்திற் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கின்றோம். தொட்டியைத் துப்புரவாக்கும் என்று நம்பிச் சக்கர் மீனையும் வாங்கிவிடுகின்றோம். விரல் நீளத்தில் வரும் அம்மீன் ஓரடிக்கு மேலும் வளரக்கூடியது. தானே மிகுதியான கழிவையும் இடும். இடம் போதவில்லையென்று அதனை அல்சூர் ஏரியில் விடுவது பெருந்தவறு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அவ்வினம் நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் ஏற்கெனவே பரவியுள்ளது.

தரைமீன்கள் ஒரே மணற்பரப்பைப் பங்கிட்டு வாழவேண்டியவை. ஆதலின் உருவும் குணமும் ஒத்தவற்றையே சேர்த்தல் நலம். கெளுத்தி வேண்டா, வாய்க்கு அடங்கும் சிறு மீன்களை அது விழுங்கிவிடும். வைகைக்கரையார் குழம்பில் மட்டுமே அறிந்த அயிரை தொட்டிக்கு மிக உகந்தது. சாதுவானது, அஞ்சினால் மணலிற் புதைந்துகொள்ளும். அதற்குத் துணையாகப் புள்ளிகளையுடைய 'பெப்பர்டு கோரிடோராஸ்' ஐந்தாறு சேர்க்கலாம். மார்கழியிற் பெங்களூரின் இரவுக் குளிர் 15 டிகிரியளவுக்கு இறங்கும். ஓரளவு குளிர்ந்த நீரை இவ்விரண்டும் தாங்கும். கூரிய சரளைக்கல் இவற்றின் மீசையைத் தேய்த்துவிடுமாதலால், நன்கு கழுவிய நுண்மணலே பரப்புக. மூழ்கும் தீனியை விளக்கணைத்த பின் இடுக. முன்னரே இட்டால் மேல்நீர் மீன்கள் அதனைக் கவர்ந்துகொள்ளும்.