விமான நிலையமும் நகரமும்: தில்லியின் விரைவு மெட்ரோ

மும்பையிலிருந்து தில்லிக்கு விமானம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. இவ்வாறு மிச்சமாகும் நேரத்தைப் பயணி சாலை நெரிசலில் இழப்பாராயின், விமான நிலையத்தில் செய்த முதலீட்டின் பயன் அந்த அளவுக்குக் குறைகிறது. இதனைப் போக்கவே புது தில்லி இரயில் நிலையத்தையும் விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தையும் இணைக்கும் விரைவு மெட்ரோ 2011 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பயணம் 20 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

தொடக்கம் எளிதாக அமையவில்லை. மேம்பாதையைத் தாங்கும் பகுதிகளில் குறைபாடு காணப்பட்டதால் 2012 ஜூலை முதல் ஆறு மாதங்களுக்கு மேல் சேவை நின்றது. 2013 ஜூலையில் தில்லி மெட்ரோ இரயில் நிறுவனம் இதனை ஏற்றது, 2014லும் 2015லும் கட்டணத்தைக் குறைத்தது, பயணிகள் பெருகினர். வண்டி காலியாக ஓடினாலும் நிறைந்து ஓடினாலும் பாதைக்கும் மின்சாரத்திற்கும் ஆகும் செலவு பெரிதும் மாறுவதில்லை. எனவே காலி இருக்கைக்கு உயர்ந்த விலை கூறுவதில் பொருளில்லை. மூட்டை சுமக்கும் தொழிலாளியும் விமான நிலையத்திற்கு நாள்தோறும் வருபவரே. அவரைக் கட்டண நிர்ணயம் மறத்தலாகாது.

ஒரு குறை எஞ்சுகிறது. இப்பாதை இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கே பயன்படும். சற்றுத் தொலைவிலுள்ள முதல் முனையத்திற்கு 2018இல் வேறொரு மெட்ரோப் பாதையில் தனி நிலையம் திறக்கப்பட்டது. பயணச்சீட்டில் முனைய எண்ணைப் பாராது இரயில் ஏறுபவர் விமானத்தைத் தவறவிட நேரலாம். நள்ளிரவில் வந்திறங்குவோருக்கோ விடியும்வரை சாலையே வழி.