வாய்க்குள்ளே ஓர் ஊர்!

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஊரை ஒட்டினாற்போல் இருக்கிறது வேங்கிக்கால். ஜில்லா கலெக்டர் ஆபீஸ் இருப்பது இங்கேதான். ஆகவே உத்தியோகஸ்தர் குடும்பங்களுக்குக் குறைவில்லை. காலை ஆறு மணிக்கு இங்கே ஏதாவது ஒரு வீட்டை எட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன காண்பீர்கள்?

கொல்லைப்புறத்தில் பாட்டி வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருப்பாள். வீட்டுக்காரர் குழாயடியில் தெருவே கேட்கும்படி நாக்கு வழித்துக்கொண்டிருப்பார். குழந்தைகள் பிரஷ்ஷில் வைத்த பற்பசையில் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இவர்கள் எல்லோரையும் அதட்டி உருட்டிப் பல் தேய்க்க வைக்கும் குடும்பத் தலைவி? அவளுக்கு ஏது அவகாசம்! அடுப்பில் பால் பொங்குகிறது. பல் தேய்த்தோம் என்று பேர் பண்ணிவிட்டு ஓடி வருகிறாள். துப்பிய தண்ணீரில் இலேசாக ஒரு சிவப்பு. "பிரஷ் குத்தியிருக்கும்" என்று அதோடு மறந்துவிடுகிறாள்.

அந்தச் சிவப்பைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, சகோதரிகளே!

குடியிருப்பவர்கள் யார்?

உங்கள் வாயை நீங்கள் வெறும் வாய் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அது ஜன நெருக்கடி மிகுந்த ஓர் ஊர். மனிதர்களுடைய வாய்களில் இதுவரை சுமார் 700 வகை பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கன்னத்தில் சில, நாக்கின் மேல் சில, பல்லிடுக்கில் சில என்று தெருத் தெருவாகப் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன அவை.

இந்த ஊரை முதன்முதலில் எட்டிப் பார்த்தவர் ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஒருவர். லேவன்ஹூக் என்று பெயர். தினமும் உப்பு வைத்துப் பல் துலக்குகிற சுத்தக்காரர்! அப்படியும் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த ஊத்தையைச் சுரண்டி, தாமே செய்த பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். குட்டி குட்டி ஜீவன்கள் துள்ளி விளையாடின. 1683ஆம் வருஷம் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். தம் நாட்டு ஜனத்தொகையைவிடத் தம் வாயில் இருக்கும் ஜனத்தொகை அதிகம் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்!

கிருமி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். இவர்களில் பெரும்பாலோர் சாதுக்கள். சிலர் நமக்கு உபகாரமே செய்கிறார்கள். நீங்கள் முளைக்கீரை மசியல் சாப்பிடுகிறீர்கள். கீரையில் நைட்ரேட் என்ற உப்பு இருக்கிறது. அதை மாற்றிக் கொடுக்கும் வேலையை நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் செய்கின்றன. அப்படி மாறிய சத்துத்தான் உடம்புக்குள் போய் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க உதவுகிறது. ஆகவே, எல்லாக் கிருமியையும் ஒழித்துக் கட்டுகிறேன் என்று காரமான மருந்துத் தண்ணீரால் நாள் தவறாமல் வாய் கொப்பளிப்பது புத்திசாலித்தனம் அல்ல. டாக்டர் சொன்னால், சொன்ன நாள் வரைக்கும் போதும்.

ஊர் கெடுவது எப்படி?

சாதுவான ஊரும் குப்பை சேர்ந்தால் கெட்டுப் போகும் அல்லவா? பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பிசுபிசுவென்று ஊத்தை படிகிறது. நாளாவட்டத்தில் அது கல்லாக இறுகிக் காறையாகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் விழுகிறது. காற்றே புகாத அந்தப் பள்ளத்தில், காற்று வேண்டாத வேறு வகைக் கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றை விரட்ட உடம்பு இரத்தத்தை அங்கே பாய்ச்சுகிறது. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் கசிகிறது. சண்டை வருஷக்கணக்கில் நீடித்தால், பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்துவிடும். பல் ஆடும், விழும். இத்தனையும் பெரும்பாலும் வலி இல்லாமலே நடந்துவிடுகிறது! அதுதான் இதில் மோசமான சங்கதி.

இது ஊகமல்ல. 1965ஆம் வருஷம் டென்மார்க்கில் ஹெரால்ட் லோ என்ற பல் வைத்திய நிபுணர் ஒரு பரீட்சை செய்தார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்திவிடச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்கச் சொன்னார். சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

சரி, மூன்று வாரத்துக்குப் பதில் ஆயுள் முழுக்கத் தேய்க்காமலே இருந்தால்? இந்தக் கேள்விக்குத் தம் வாயாலேயே பதில் சொன்னவர்கள் தமிழர்கள்!

தேயிலைத் தோட்டத்துக் கதை

இலங்கையின் மலைநாட்டில் டன்சினேன், ஹாரோ என்று இரண்டு தேயிலைத் தோட்டங்கள். தமிழ்நாட்டிலிருந்து போய்க் காட்டைத் தோட்டமாக்கியவர்களின் சந்ததியார் அங்கே கூலி வேலை செய்துவந்தார்கள். 1970இல் லோவும் அவருடைய சகாக்களும் அங்கே போய் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பல் வைத்திய வசதி அந்தத் தொழிலாளர்களை எட்டியிருக்கவில்லை. பிரஷ் பிடித்துத் தேய்க்கும் பழக்கமும் கிடையாது. 1985 வரை, பதினைந்து வருஷம், திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் 161 பேர்.

எல்லோருடைய பல்லிலும் ஊத்தையும் காறையும். ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு வீக்கம். ஆனால் விசித்திரத்தைக் கேளுங்கள்: பல் சொத்தை மட்டும் அநேகமாக இல்லை! "எனக்குத்தான் பூச்சிப் பல்லே இல்லையே, பின் என்ன?" என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். சொத்தை வேறு, ஈறு நோய் வேறு.

இன்னொரு விசித்திரம். ஒரே தோட்டம், ஒரே மாதிரி வாழ்க்கை, ஒரே மாதிரி ஊத்தை. ஆனால் முடிவு மட்டும் மூன்று விதம். 100க்கு 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு சரி. பல் ஏதும் போகவில்லை. 81 பேருக்கு மெள்ள மெள்ளக் கரைந்தது. 45 வயதில் சராசரி ஏழு பல் போயிற்று. மீதி 8 பேரின் கதைதான் பரிதாபம். இருபது வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, முப்பத்தைந்தில் பன்னிரண்டு, நாற்பதில் இருபது என்று போய், நாற்பத்தைந்தில் வாய் முழுக்கப் பொக்கை!

அவரவர் உடல்வாகு அப்படி. நாம் அந்த 11இல் ஒருத்தியா, 8இல் ஒருத்தியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் படிக்கும் இந்தப் பாடம், நம்மவர்கள் தங்கள் பற்களைக் கொடுத்து எழுதியது. அதை நாமே படிக்காமல் இருந்தால் எப்படி?

வாயோடு நிற்பதில்லை

அந்தத் தொழிலாளர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு இன்னும் ஒரு சங்கதி உண்டு. கர்ப்ப காலத்தில் உடம்பில் சுரக்கும் நீர்கள் மாறுவதால், கொஞ்சம் ஊத்தை இருந்தாலும் ஈறு அதிகமாக வீங்கி இரத்தம் கசியும். "பிள்ளைத்தாய்ச்சி பல் டாக்டரிடம் போகலாமா?" என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். தாராளமாகப் போகலாம். நடு மூன்று மாதங்கள் மிகவும் சௌகரியம். கர்ப்பம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நீரிழிவுக்கும் ஈறுக்கும் இருவழிப் பாதை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் ஈறு சீக்கிரம் கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. ஈறுக்கு நல்ல வைத்தியம் செய்துகொண்டவர்களுக்குச் சில மாதங்களில் சர்க்கரை அளவும் ஓரளவு இறங்குவதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இருதய நோயாளிகளிடமும் ஈறு நோய் அதிகம் காணப்படுகிறது. அதற்காக, ஈறு கெட்டால் மாரடைப்பு வந்தே தீரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் இருதய வால்வில் கோளாறு உள்ளவர்கள், பல் பிடுங்குமுன் டாக்டரிடம் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். வாய்க் கிருமி இரத்தத்தில் ஏறி வால்வில் போய்த் தங்கினால் ஆபத்து.

செய்ய வேண்டியது

காலை ஒரு தரம், இரவு படுக்குமுன் ஒரு தரம், இரண்டிரண்டு நிமிஷம். இரவு முக்கியம், தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்து, ஊரைக் கழுவிவிட ஆளில்லாமல் போகிறது. மிருதுவான பிரஷ் போதும். ஃப்ளோரைடு கலந்த பசை பல்லுக்கு நல்லது. பாட்டியின் வேப்பங்குச்சியைப் பரிகாசம் செய்ய வேண்டாம். நுனியை நன்றாக மென்று, ஈறு கிழியாமல் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தால் அதுவும் பிரஷ்தான். செங்கல் தூளும் கரித்தூளும் மட்டும் வேண்டாம். பல்லின் மெருகைத் தேய்த்துவிடும். தாம்பூலத்தில் புகையிலை கூடவே கூடாது. வாய்ப் புற்றுநோய்க்கு அது வாசற்படி.

"காறை எடுத்தால் பல் ஆடிப்போகும்" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வாள். ஆட வைத்தது காறை எடுத்த டாக்டர் அல்ல. எலும்பைக் கரைத்த நோய். காறை அந்த இடைவெளியை மூடி மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஈறில் இரத்தம் வந்தால் அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவது நம் வழக்கம். அங்கேதான் பதமாக, பொறுமையாகத் தேய்க்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள். நின்றுவிட்டால் நல்லது. நிற்காவிட்டால் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். ஈறு வலித்துக் கூப்பிடாது. அது தரும் ஒரே தாக்கீது அந்தச் சிவப்புத்தான்.