ஒன்றுமில்லாத வானத்தைத் தேடிய விஞ்ஞானிகள்



ஒரு பெரிய டெலஸ்கோப் கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பீங்க? நிலா, வியாழன், சனியின் வளையம்னு அடுக்குவோம். ஆனால் ஒரு விஞ்ஞானிகள் குழு, வானத்தில் எங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறதோ அந்த இடங்களாகத் தேடி எடுத்தது. ஏன்னு பார்ப்போமா?

அகச்சிவப்புக் கதிர்

அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் கருப்பாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் கையைக் காட்டினாலே சூடு தெரியும். அந்தச் சூட்டைக் கொண்டுவருவது அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்குத் தெரியாது. புதிய விண்மீன்கள் தூசி மேகங்களுக்குள்தான் பிறக்கின்றன. தூசி அவற்றின் ஒளியை மறைத்துவிடும். ஆனால் தூசியும் சூடாகி அகச்சிவப்புக் கதிரை வெளியே விடும். அதனால் தூரத்து கேலக்ஸிகளில் விண்மீன்கள் எப்போது, எவ்வளவு பிறந்தன என்று அறிய அகச்சிவப்புக் கண் வேணும்.

நேரம் கொஞ்சம், வானம் பெரிசு

அப்படி ஒரு கண்தான் 2003 ஆகஸ்ட் 25 அன்று நாசா அனுப்பிய ஸ்பிட்சர் விண்வெளி டெலஸ்கோப். அதன் ஆடி 85 செ.மீ. அகலம். டெலஸ்கோப்பே சூடாக இருந்தால் அதன் சூடே படத்தைக் கெடுத்துவிடும். எனவே திரவ ஹீலியம் ஊற்றிக் குளிர வைத்தார்கள். ஹீலியம் தீர்ந்தால் மறுபடி ஊற்ற முடியாது. (2009 மே மாதம் தீர்ந்தே போச்சு. ஸ்பிட்சர் 2020 ஜனவரி 30-ல் ஓய்வு பெற்றது.) ஆக, தப்பான இடத்தைப் பார்த்தால் போன நேரம் போனதுதான்.

ஸ்பிட்சரின் பெரிய ஆய்வுகளில் ஒன்றின் பெயர் ‘ஸ்வையர்’. அதற்கு இடம் தேர்ந்தெடுத்தபோது பார்த்தவை இவை:

1. பால்வீதியை விட்டு விலகணும். அங்கே நம்ம கேலக்ஸியின் விண்மீன்களும் தூசியும் நிறைய. அதைத் தாண்டித் தூரத்தில் உள்ளது தெரியாது.

2. 12 ராசிகள் இருக்கும் பாதையை விட்டும் விலகணும். சூரியக் குடும்பத்தின் தூசி அந்தத் தளத்தில்தான் அதிகம். அது வெயிலில் சூடாகி அகச்சிவப்பில் மின்னும்.

3. கீற்றுத் தூசி குறைவா இருக்கணும். 1983-ல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் பார்த்தபோது, பால்வீதிக்கு வெளியிலும் மெல்லிய தூசிக் கீற்றுகள் இருப்பது தெரிந்தது. ஐராஸ் தந்த படத்தை வைத்தே சுத்தமான இடங்களைத் தேடினார்கள்.

4. பிரகாசமான விண்மீன் பக்கத்தில் இருக்கக் கூடாது. ராத்திரி வேப்பம்பட்டு ஸ்டேஷனில் எதிரே வரும் எலக்ட்ரிக் ட்ரெயின் ஹெட்லைட்டைப் பார்த்திருப்பீங்க. அது அடிக்கும்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரியுமா? அதே கதைதான்.

ஒரு சோறு பதமா?

இத்தனையும் பொருந்தும் ஒரே இடத்தை எடுத்து முழுசாகப் பார்த்தால் போதாதா? ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோமே!

பானைச் சோறு ஒரே மாதிரி வெந்திருக்கும். ஆனால் பிரபஞ்சம் அப்படி இல்லை. ஒரு பக்கம் கேலக்ஸிகள் கூட்டமாக இருக்கும், இன்னொரு பக்கம் காலியாகக் கிடக்கும். ஒரே இடத்தைப் பார்த்து எல்லாம் இப்படித்தான்னு சொன்னால் ஏமாந்துபோவோம். அதனால் வானத்தின் வெவ்வேறு பக்கங்களில் 6 இடங்களை எடுத்தார்கள். மூன்று வட வானில், இரண்டு தென் வானில், ஒன்று வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அந்தக் கடைசி இடத்தில் ராசிப் பாதைத் தூசி கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பூமியின் வடக்கே, தெற்கே இருக்கும் டெலஸ்கோப்புகள் இரண்டுமே அதைப் பார்க்கலாம். அந்த லாபத்துக்காகக் குறையைப் பொறுத்துக்கொண்டார்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

★ 6 இடங்களும் சேர்ந்து சுமார் 49 சதுர டிகிரி. அதாவது ஏறக்குறைய 250 முழுநிலாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய அளவு. ஆனாலும் முழு வானத்தில் அது 800-ல் ஒரு பங்குகூட இல்லை!

நம்ம நாட்டிலும்

நல்ல இடத்தை ஒருவர் கண்டுபிடித்தால் எல்லோரும் அங்கேயே வருவார்கள். புனே அருகே கோடாட்டில் ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 ஆன்டெனாக்கள்! அந்த 6 இடங்களில் ஒன்றான ‘எலாய்ஸ் என்-1’ பகுதியை அதுவும் ஆராய்ந்தது. ஒரே இடத்தை அகச்சிவப்பிலும் ரேடியோவிலும் பார்த்தால் விண்மீன் பிறப்பின் கணக்கை ஒன்றோடு ஒன்று சரிபார்க்கலாம். சரியாகத் தேர்ந்த இடம், டெலஸ்கோப் ஓய்வு பெற்ற பிறகும் பயன்படுகிறது.

நீங்களும் பாருங்கள்

ஏப்ரல் நடுவில் இரவு 9 மணிக்கு மாடியில் வடக்கு பார்த்து நில்லுங்க. அடிவானத்துக்கும் தலை உச்சிக்கும் பாதி உயரத்தில் சப்தரிஷி மண்டலம் தெரியும். துருவ நட்சத்திரத்தைக் காட்டும் இரண்டு விண்மீன்கள் (கிரது, புலகர்) அதில் உள்ளன. கையை நீட்டி, அவற்றுக்கு இடது பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளிப் பாருங்க. அதுதான் அந்த 6 இடங்களில் ஒன்றான ‘லாக்மன் துளை’. உண்மையில் துளை கிடையாது. நம்ம கேலக்ஸியின் ஹைட்ரஜன் வாயு அந்தத் திசையில் மிகக் குறைவு என்பதால் அந்தப் பெயர்.

கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்குப் பின்னால் லட்சக்கணக்கான கேலக்ஸிகள் இருக்கின்றன!