காரின் மூக்கும் கணக்கும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பர் பெரியோர். அச்சாணி இருந்தும், பாரம் எங்கே நிற்கிறதென அறியாமல் ஓட்டிய தேர் என்னவாகும்? அதனை எல்கடுவவிலிருந்து வத்தேகமவுக்கு இறங்கும் பாதையில் ஒரு மாலை நாம் நேரிலேயே கண்டோம்.

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், தந்தையார் விட்டுச்சென்ற பழைய மொறிஸ் மைனர் காரின் முன்பக்கத்தை உயர்த்தியிருந்தார். அமெரிக்க நேரோட்டப் பந்தயக் கார்களின் பழைய படங்கள் அவரை மயக்கியிருந்தன. "சேர், ஏறிப் பாருங்க, இனிக் கார் பாயும்" என்றார். கார் பாயத்தான் செய்தது. ஆனால் வளைவில் திரும்பவில்லை. மழையில் நனைந்த குழி ஒன்றைத் தாண்டியதும் முன்சில்லுகள் வழுக்கி, தேயிலைச் செடிகளின் ஓரமாக இருந்த வடிகானில் இறங்கி நின்றோம். காயம் எவருக்கும் இல்லை. மறுநாள் தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டிய கார் அது என்பதை நினைத்தபோதுதான் அவருக்குக் கை நடுங்கிற்று.

அந்தப் படங்கள் பொய்யல்ல. கால் மைல், அதாவது 1,320 அடி, நேராக ஓடி முடிப்பதே அப்பந்தயம். 1951இல் கலிபோர்னியாவில் இதற்கென ஒரு தேசியச் சங்கமே தோன்றிற்று. அக்காலத்து டயர்களுக்குப் பிடிப்புக் குறைவு. இயந்திரத்தின் வலிமை பின்சில்லுகளைச் சுழற்றியதேயன்றிக் காரை நகர்த்தவில்லை. ஆகவே முன்பக்கத்தை உயர்த்திப் பாரத்தைப் பின்னே தள்ள முயன்றனர்.

கணக்கு எளிது. 1,000 கிலோ எடையுள்ள கார். முன், பின் அச்சுகளுக்கு இடைவெளி 2.5 மீற்றர், எடையின் மையம் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். புவியீர்ப்புக்கு நிகரான முடுக்கத்துடன் அது புறப்பட்டால், 200 கிலோ பாரம் முன்னச்சிலிருந்து பின்னச்சுக்கு மாறும். மையத்தை 5 சென்ரிமீற்றர் உயர்த்தினால் அது 220 ஆகும். இலாபம் வெறும் 20 கிலோ! அதனாற்றான் டயர்கள் திருந்திய பின்னர், முன்பக்கத்தைத் தாழ்வாகவே நிறுத்தி, புறப்படும் கணத்தில் தடையின்றி எழும்ப இடம் விடலாயினர். இதற்கான அதிர்வுதாங்கிகள் நீள்வதற்கு எளிதாகவும் சுருங்குவதற்குக் கடினமாகவும் அமைக்கப்படும். எழும்பிய மூக்கு உடனே விழாதிருக்க வேண்டுமல்லவா?

நம் மாணவர் செய்ததோ நேர்மாறு. மொறிஸ் மைனரின் முன்பாரத்தைத் தாங்குவது, காரின் நீளவாக்கில் கிடந்து முறுகும் ஓர் இரும்புத் தண்டு. அதன் பின்முனையை இடம்மாற்றிப் பொருத்தினால் கார் உயரும். ஆனால் உயர்ந்த அளவுக்குச் சில்லு கீழே இறங்கும் இடம் குறைந்துவிடும். எழும்பவேண்டிய உயரத்தை நிற்கும்போதே செலவழித்துவிட்டார்! குழியில் இறங்கித் தரையைத் தொடமுடியாத சில்லு எப்படித் திரும்பும்? போதாக்குறைக்குச் சில்லுகளின் கோணமும் மாறியிருந்தது.

ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு நியாயம் உண்டு. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் வளைவுகளே பரீட்சை. அங்கே முன்சில்லுகள் தரையைவிட்டு விலகலாகாது. நம் மலைப்பாதைகளும் அத்தகையனவே.

உயரம் திருத்த விரும்புவோர் முதலில் டயர்க் காற்றைச் சரிபார்க்கட்டும். சமதரையில் நிறுத்தி, ஓட்டுநரின் எடையையும் ஏற்றி, காரை நன்கு அமுக்கி விட்டபின் இருபுறமும் அளக்கட்டும். சில்லு மேலும் கீழும் அசைய எவ்வளவு இடமுண்டு என்பதையும் அளந்து எழுதிக்கொள்ளட்டும். உயரத்தை மாற்றிய பின்னர், சில்லுகளின் கோணங்களைத் தேர்ந்தவரிடம் காட்டாமல் பாதையில் இறங்கவே கூடாது.

அடுத்த ஞாயிறு மாணவர் அளவுநாடாவுடன் காரின் கீழே படுத்திருந்தார். மூக்கு பழைய இடத்துக்கே தாழ்ந்திருந்தது. தாயார் முன்னிருக்கையில் அமர, கார் வத்தேகமவிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டது. அது பாயவில்லை, சொன்ன இடத்தில் திரும்பியது.