பென்ஷனில் போட்டோ பிரிண்டர்: மிஷின் மலிவு, மைதான் முழுங்குது!

சென்னை,

ரிடையராகி வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பலருக்கு ஒரு ஆசை பிறந்திருக்கிறது. செல்போனில் கிடக்கும் பேரன், பேத்தி படங்களை வீட்டிலேயே பிரிண்ட் போட்டுப் பார்க்க வேண்டுமாம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் எதையும் விசாரிக்காமல் கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவான மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் ஆரம்பிக்கிறது தலைவலி!

ஆசைக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம் வேளச்சேரி, சைதாப்பேட்டை, முடிச்சூர் என்று வீடு வீடாகப் புகுந்தபோது, பீரோ அடித்தட்டில் இருந்த கல்யாண ஆல்பங்கள் கூழாகிப் போயின. நெகட்டிவும் போச்சு. சொந்தக்காரர் வீட்டில் தப்பிய பிரதியை செல்போனில் பிடித்து வைத்ததுதான் பலருக்கு மிச்சம். அந்த செல்போனும் தொலைந்தால்? அவ்வளவுதான்.

பெரம்பூர் பெரியவர்

பெரம்பூரில் ஒரு பெரியவர். ரெயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். 1970-களில் குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு பல்பு போட்டு, ஹைப்போ கரைத்து, ஊட்டியில் தயாரான 'இந்து' பேப்பரில் படம் கழுவியவர். அந்தத் தொழிற்சாலையும் மூடியாகிவிட்டது. கை மட்டும் சும்மா இருக்கவில்லை.

மலிவான கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் ஒன்றை வாங்கினார். முப்பது படம் கூட வந்திருக்காது. கலர் காலி! புது கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டதும் மயக்கம் வராத குறை.

"ஏம்ப்பா, ரெண்டு கார்ட்ரிட்ஜ் வாங்குற காசுல புது மிஷினே வாங்கிடலாம் போலிருக்கே?"

"எல்லாரும் இதைத்தான் சார் கேக்குறாங்க" என்று சிரித்தார் கடைப் பையன்.

மிஷினை மலிவாகக் கொடுத்து, மையில் காசு பார்ப்பது கம்பெனிகளின் பழைய வியாபாரம். கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது சில மில்லி மைதான். பாட்டிலில் ஊற்றும் 'இங்க் டேங்க்' மிஷினில் ஒரு பாட்டிலே 65, 70 மில்லி இருக்கும். மிஷின் விலை இரண்டு, மூன்று மடங்கு கூடுதல். ஆனால் தொடர்ந்து படம் போடுகிறவருக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

சும்மா வைத்தால் அடைப்பு

தொடர்ந்து போடுகிறவருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் மூடி வைத்தால் மை வருகிற ஊசித் துளைகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். படத்தில் கோடு கோடாக விழும். 'கிளீனிங்' கொடுத்தால் அதற்கும் மைதான் செலவு. வாரம் ஒரு கலர் படமாவது போட வேண்டும். மிஷினை அதன் சொந்த பொத்தானில்தான் நிறுத்த வேண்டும். அப்போதுதான் மை வரும் பகுதி தன் மூடிக்குள் போய் உட்காரும். சுவர் சுவிட்சைத் தட்டினால் திறந்தபடியே நின்று காயும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் படம் போடுகிறவருக்கு தபால் கார்டு சைசில் 'டை சப்ளிமேஷன்' மிஷின் இருக்கிறது. மைக்குப் பதில் ரிப்பன். பேப்பர் மூன்று கலருக்கு மூன்று தடவை உள்ளே போய் வரும். நாலாவது தடவை மேலே பூச்சு பூசிக்கொண்டு வரும். காய்வது, அடைப்பது என்ற பேச்சே இல்லை. பெரிய படம் மட்டும் வராது. மாதம் நாலு படம்தான் என்றால் எந்த மிஷினும் வேண்டாம், தெருமுனை ஸ்டூடியோவே லாபம்.

கறுப்பு வெள்ளை பச்சையடிக்குது!

பெரம்பூர் பெரியவர் அடுத்து டேங்க் மிஷின் வாங்கினார். அம்மாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார். முகம் லேசாகப் பச்சையடித்தது!

பல நாலு கலர் மிஷின்களில் கறுப்பு மை சாதாரண பேப்பருக்குத்தான். பளபளப்பான போட்டோ பேப்பரில் மற்ற மூன்று கலரையும் கலந்துதான் கறுப்பு வரும். கலவை கொஞ்சம் பிசகினாலும் சாயம் தட்டும். செட்டிங்கில் பேப்பர் வகையைச் சரியாகக் காட்டாவிட்டால் இன்னும் மோசம். மேட் பேப்பரில் அதற்குரிய செட்டிங்கோடு போட்டுப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளையே உயிர் என்பவர்கள் சாம்பல் மையும் உள்ள மிஷினைத்தான் தேட வேண்டும். விலை கொஞ்சம் கடிக்கும்.

படம் இருட்டடித்து வருகிறதே என்பது இன்னொரு புகார். குற்றம் பெரும்பாலும் திரையில்தான். வெளிச்சத்தை முழுசாக வைத்துப் பார்த்தால் எல்லாப் படமும் பிரகாசமாகத்தான் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, ஒரே பேப்பரில் நாலு சின்ன துண்டாகப் போட்டு எது சரி என்று பார்க்கலாம். இருட்டறையில் 'டெஸ்ட் ஸ்டிரிப்' போட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே பெரிசாகப் போடுவதும் வேண்டாம். அனுப்பும்போதே படம் சுருங்கிவிடுகிறது. நாலுக்கு ஆறு அங்குலத்துக்கு 1200-க்கு 1800 புள்ளி வேண்டும். ஏ4-க்கு 2480-க்கு 3508. மகனிடம் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் முழு படமும் வரும்.

போட்ட படத்தை ஒரு நாள் காயவிட்டுத்தான் பிரேம் போட வேண்டும். கண்ணாடி படத்தில் ஒட்டக்கூடாது. வெயில் படும் சுவரில் மாட்டினால் சாய மை சீக்கிரம் வெளுக்கும். மழைக்காலத்தில் பேப்பர் கட்டைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காவிட்டால் அப்பளம் மாதிரி சுருளும்.

'கஸ்டமர் கேர்' ஆசாமிகள்

பணம் பறிபோவது மையில் மட்டும் அல்ல. பிரிண்டர் மக்கர் செய்தால் இன்டர்நெட்டில் தேடி, கிடைக்கிற நம்பருக்குப் போன் போடுகிறார்கள். கம்பெனி பெயரில் போலி நம்பர்கள் அங்கே உலவுகின்றன. "ஐயா, ஒரு ஆப் இறக்குங்க, நான் இங்கிருந்தே சரி பண்றேன்" என்பான் எதிர்முனை ஆசாமி. இறக்கினால் உங்கள் திரை அவன் கையில்! பாங்கி கணக்கைத் துடைத்துவிடுவான். இப்படிப்பட்ட ஆப்கள் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. மிஷின் பெட்டியில் அச்சிட்ட நம்பர்தான் நிஜம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

போலி மையும் கடைகளில் புழங்குகிறது. சீல் உடைந்திருந்தால் வாங்கக்கூடாது. பில் கேட்டு வாங்க வேண்டும். தகராறு வந்தால் நுகர்வோர் உதவிக்கு 1915 இருக்கிறது. அங்கே முதலில் கேட்பது பில்லைத்தான்.